சரணடைந்தவனைச் சுட்டது யார்

அக்காவின் முகம் சுவர் அகலத்துக்குத் திரையில் தெரிந்தபோது, கூட்ட அறையில் இருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள். வசனமும் சிரித்தாள். இதை அவள் பிறகு யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான்.

வசனம் என்பது அவள் பெயர் இல்லை. அந்த வீடியோ கேம் கம்பெனியில் பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவதையெல்லாம் எழுதுகிறவள் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர். கம்பெனி இரண்டரை வருடமாக ஒரு போர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. ஆடுகிறவர் ஒரு சிப்பாய். சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும். ஆனால் கண்மண் தெரியாமல் சுட்டால் போதாது. நடுநடுவே யாரைக் காப்பாற்றுவது, எந்த உத்தரவை மீறுவது என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைப் பொறுத்துக் கதை வேறு வேறு திசையில் போகும். மனசாட்சி உள்ள விளையாட்டு என்று கம்பெனி போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மனசாட்சியில் பாதியை எழுதியவள் வசனம். குறிப்பாக ஆறாவது கட்டம். இடிந்துபோன ஒரு ஆலை. எதிரிச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை வீசிவிட்டு மண்டியிட்டுக் கைகளைத் தூக்குகிறான். அவனுக்குப் பின்னால் கூரை மேல் இன்னொருவன் விடாமல் சுட்டுக்கொண்டிருக்கிறான். கூரைக்காரனை வீழ்த்தியே ஆக வேண்டும். மண்டியிட்டவனை என்ன செய்வது என்பது ஆடுகிறவர் பாடு. உயிரோடு விட்டால் ஒன்பதாவது கட்டத்தில் அவன் திரும்ப வருவான். மண்டியிட்டபடி அவன் பேசும் மூன்று வரிக்கு வசனம் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகுட்டி இருக்கிறது என்று கெஞ்சுவதையெல்லாம் அடித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் எழுதியது இதுதான்: “பூட்ஸெல்லாம் தண்ணி. நடக்க முடியல. சுடாதீங்க.”

விளையாட்டு முடிகிற தறுவாயில், கேம் என்றாலே என்னவென்று தெரியாதவர்கள் நாற்பது பேரைக் கூட்டி வந்து ஆடச் சொல்லிப் பார்ப்பது கம்பெனி வழக்கம். வீட்டு மனிதர்கள், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள் என்றார்கள். வசனம் தன் அக்காவைக் கூட்டி வந்தாள். அக்கா பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சை வார்டில் நர்ஸ். விபத்தில் சிக்கி வருகிறவர்களுக்கு முதலில் கை வைக்கிறவள். எதையும் லேசில் எடுத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அவளைச் சோபாவில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தானை அமுக்கி ஆடும் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். திரைக்கு மேல் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா. ஆலைக் கட்டம் முடிந்ததும் அக்கா கன்ட்ரோலரை, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரத்தை வைப்பதுபோல் சட்டென்று கீழே வைத்தாள். “நான் அவனச் சுடல” என்றாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் தாளில் ‘சுட்டார்’ என்று எழுதினார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அக்கா மறுபடி சொன்னாள். கூரை மேல் இருந்தவனைத்தான் குறி வைத்தாளாம். விடுக்கா, விளையாட்டுதானே, பதட்டத்தில் யாருக்கும் நடக்கிறதுதான் என்று வசனம் தட்டிக் கொடுத்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டி, அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னாள். அப்போது வசனம் போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பது பேரில் முப்பத்துமூன்று பேர் சுட்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் டைரக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விளையாட்டு மொத்தத்துக்கும் பொறுப்பு அவர்தான். டீ ஆறிப்போனால்கூட அதிலிருந்து மனித வாழ்க்கையைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் குடிக்க மாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்குத் தத்துவம் என்று பெயர். அன்று கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். மனிதன் அடிப்படையில் இப்படித்தானாம். வாய்ப்புக் கிடைக்காதவரைக்கும்தான் எல்லோரும் நல்லவர்களாம். அதற்கு ஆதாரமாகத்தான் அக்காவின் முகத்தைத் திரையில் போட்டார். உயிரைக் காப்பாற்றும் நர்ஸே சரணடைந்தவனை விட்டுவைக்கவில்லை பாருங்கள் என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். அதையே விளம்பரமாக்கப் போகிறோம் என்றார். சுட்ட கணத்தில் பதிவான முகங்கள் எட்டு, ஒன்றன்பின் ஒன்றாக. கீழே ஒரே வரி: ‘பத்தில் எட்டுப் பேர் சுட்டார்கள். நீங்கள்?’ முகத்தைப் பயன்படுத்திக்கொள்ள எல்லோரிடமும் முதல் நாளே கையெழுத்து வாங்கியாயிற்று. நர்ஸ் முகம் கட்டாயம் இருக்க வேண்டும். மற்ற ஏழு முகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, முகபாவம் பற்றி நன்றாகத் தெரிந்தவள் என்று சொல்லி, வசனத்தின் தலையில் கட்டினார்.

விளம்பரம் வந்தால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கையில் போனோடு வருகிறவர்கள். ஊசி போட வரும் அக்காவைப் பார்த்து, இவள்தானே அது என்பார்கள். ஆனால் அப்போது அவளுடைய கோபமெல்லாம் விளம்பரத்தின் மேல்தான். அக்கா சுட்டாள் என்பதில் அவளுக்கே சந்தேகம் இருக்கவில்லை.

பதிவுகளைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். இடது பாதியில் முகம், வலது பாதியில் விளையாட்டு. அக்காவுடையதை மட்டும் தள்ளி வைத்துவிட்டாள், இன்னொரு முறை பார்க்க மனம் வரவில்லை. பன்னிரண்டாவது ஆள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவர் முகத்தை நிறுத்திப் பார்த்தபோதுதான் ஏதோ இடறியது. மண்டியிட்டவன் திரைக்கு நடுவில் இருந்தான். டிரைவரின் கண் நடுவில் இல்லை. மேலே, இடது ஓரத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் கண் கீழே இறங்கியது. இறங்கியதும் வாய் பிளந்தது.

சாலையைப் பார்த்தே முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். பார்க்கிற இடத்தை விட்டு வேறு இடத்துக்கு எப்படிச் சுடுவார்? வசனம் அடுத்த முகத்தைப் போட்டாள். கண் கூரை மேல். அதற்கடுத்த முகம். கூரை மேல். சாயங்காலம் ஆபீஸைப் பூட்ட வருவதற்குள் முப்பது முகம் பார்த்துவிட்டாள். இரண்டு மூன்று பேரைத் தவிர ஒருவர் கண்ணும் மண்டியிட்டவன் மேல் இல்லை.

மறுநாள் காலை நேராகச் சண்டைக்காரரிடம் போனாள். துப்பாக்கி எப்படிச் சுட வேண்டும், குண்டு எங்கே படவேண்டும் என்பதையெல்லாம் செய்கிறவர் அவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை என்றாலும் பெயர் அதுதான். தன் கணினியில் ஆலைக் கட்டத்தை ஆடிக் காட்டினார். கூரைக்காரனைக் குறி வைத்தார், கூரைக்காரன் விழுந்தான். மண்டியிட்டவன் அப்படியே இருந்தான். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, ஆட்கள் பதறிப்போய்ச் சுட்டிருப்பார்கள் என்றார்.

வசனம் அவர் கையைப் பார்த்தாள். மவுஸ் இருந்தது. நாற்பது பேருக்கும் கொடுத்தது கன்ட்ரோலர் அல்லவா என்றாள். அவர் அலமாரியிலிருந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்துத் தூசி தட்டி மாட்டினார். கூரைக்காரனைக் குறி வைத்து அமுக்கினார். குறிப்புள்ளி வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மண்டியிட்டவன் சுருண்டு விழுந்தான்.

சண்டைக்காரர் இன்னொரு முறை ஆடிப் பார்த்தார். பிறகு விளக்கினார். புதிதாக ஆடுகிறவர்களுக்குக் கன்ட்ரோலரில் குறி வைக்க வராது. அவர்களுக்கு உதவியாக, சுடும்போது புள்ளியைப் பக்கத்தில் இருக்கும் எதிரியின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இழுப்பு என்று அதற்குப் பெயர். ஆபீஸில் எல்லோரும் மவுஸில் ஆடிப் பழகியவர்கள், மவுஸுக்கு இழுப்பு கிடையாது. அதனால் இரண்டரை வருடத்தில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. மண்டியிட்டவன் கையைத் தூக்கினான், முகம் மாறியது, வசனம் எழுதியதைப் பேசினான். ஆனால் எதிரிகள் பட்டியலில் இருந்து அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அவன் கடைசிவரைக்கும் எதிரி. கூரைக்காரனை விடப் பக்கத்தில் இருந்த எதிரி. வேறு பக்கமாக நகர்ந்துபோய்ச் சுட்ட ஏழு பேரிடம்தான் அவன் தப்பியிருந்தான்.

கதைப் பிரிவிலிருந்து சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன் என்றார் அவர். சண்டைப் பிரிவில் பார்த்துக்கொள்வார்கள் என்று வசனம் இருந்துவிட்டாள். அவள் எழுதிய கதையில் ‘இனி இவன் எதிரியல்ல’ என்று அழகாக ஒரு வரி இருந்தது. அதைச் சண்டைப் பிரிவுக்கு ஒரு வேலைச் சீட்டாக எழுதி அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு நாள் பூட்ஸைப் பற்றி யோசித்தவளுக்கு ஒரு சீட்டு எழுத நேரமில்லாமல் போயிருந்தது.

இருவருமாகத் தத்துவத்தின் அறைக்குப் போனார்கள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பட்டியலைத் திருத்த வேண்டாம், இழுப்பு அப்படியே இருக்கட்டும், அது இன்னும் ஆழமாக இருக்கிறது என்றார். விளம்பரத்திலும் மாற்றம் கிடையாது. கணக்கு கணக்குதான்.

“துப்பாக்கி யார் கையில இருந்துச்சு? அவங்க கையிலதான? போர்னா இப்படித்தான் நடக்கும்” என்றார்.

“போர்ல நடந்தது இல்ல சார் இது. நம்ம ஆபீஸ்ல நடந்தது” என்றாள் வசனம். “நாப்பது பேர மரியாதையா வரவழைச்சு, டீ குடுத்து, அவங்க கையப் புடிச்சு நாம ஒருத்தனக் கொல்ல வச்சிருக்கோம். இப்ப அவங்க மூஞ்சியவே ஒட்டி, நீங்கல்லாம் கொலகாரங்கன்னு விக்கப் போறோம். அவங்க காப்பாத்தத்தான் பாத்தாங்க. அது பதிவுலயே இருக்கு.”

தத்துவம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. “உங்க கஷ்டம் புரியுது. அக்கா முகம் வேண்டாம்னா எடுத்துடறேன். வேற நல்ல முகமா ஒண்ணு குடுங்க” என்றார்.

அக்கா தப்பித்துவிடலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த இடத்தில் டிரைவரின் முகம் போகும், அல்லது ஆட வந்திருந்த தையற்கடைக்காரப் பெண் ஒருத்தியின் முகம். தன் வீட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரார் முகத்தைக் கொடுத்துவிட்டு வருவதா? வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். படி இறங்கும்போது ஆத்திரத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கையெழுத்து வாங்கிய தாளை எடுத்து வரிவரியாகப் படித்தாள். விளம்பரம் வெளிவரும்வரை எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஏழாவது பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது. வேறு எந்தக் கம்பெனித் தாளிலிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளைகளில் மாடிப்படியில் உட்கார்ந்து முப்பத்துமூன்று பேருக்கும் வசனம் போன் செய்ய ஆரம்பித்தாள். முதல் போன் பஸ் டிரைவருக்கு. நீங்கள் சுடவில்லை, எங்கள் தவறு என்று அவள் சொன்னாள். அவனைச் சுட்டுவிட்டேன் என்று என் வீட்டுக்காரியிடம்கூட நான் சொல்லவில்லையம்மா என்றார் அவர். தையற்கடைக்காரப் பெண் கண்டபடி திட்டினாள், கம்பெனியை, விளையாட்டை, கடைசியாக வசனத்தையும். ஒரு கல்லூரி ஆசிரியர் தனக்கு அது நினைவே இல்லை என்றார். ஒரே ஒருவர் மட்டும், வேணும்னுதான் சுட்டேன், அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல என்றார். அவருக்கும் நன்றி சொல்லி வைத்தாள்.

அக்காவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. அக்கா வீட்டு மனுஷி, எங்கே ஓடிவிடப் போகிறாள், எல்லாம் முடிந்ததும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். நல்ல செய்தியை நேரில் சொல்வதுதானே முறை. அதில் வரக்கூடிய சந்தோஷத்தை அவள் கடைசிக்கு எடுத்து வைத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

பத்தே நாளில் சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதங்கள் இருபத்தேழு வந்து சேர்ந்தன. மிஞ்சிய ஆறு முகங்களை வைத்துக்கொண்டு பத்தில் எட்டு என்று யாரும் சொல்ல முடியாது. விளம்பரத்தைக் கைவிட்டார்கள். சண்டைக்காரர் யாரையும் கேட்காமல் மண்டியிட்டவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தவறு தன்னுடையது என்று தன் பெயரையும் போட்டுப் பதிவு செய்தார். தத்துவம் வசனத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். விளக்கம் கேட்டுக் கம்பெனியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வந்தால் வரட்டும் என்று பைக்குள் திணித்துக்கொண்டு, அக்கா சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கான தாளையும் எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே கிளம்பினாள்.

அக்கா வீட்டில் இருந்தாள். டியூட்டி நேரத்தில் வீட்டில் இருக்கிறாளே என்று வசனத்துக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாய் நிறையச் செய்தி இருந்ததால் கேட்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மவுஸ், கன்ட்ரோலர், இழுப்பு, பட்டியல், டிரைவரின் கண். தத்துவத்திடம் தான் பேசியதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டார். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீ சுடலக்கா. நிரூபிச்சாச்சு” என்று முடித்தாள் வசனம்.

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். “எப்பத் தெரிஞ்சுது?”

“பதினோரு நாள் ஆச்சு.”

“பதினோரு நாளா” என்றாள் அக்கா. மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கி எண்ணுவது முகத்தில் தெரிந்தது. பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். “ஒம்பது நாள் முன்னாடி மேட்ரன்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்டி. எமர்ஜென்சி வேண்டாம், பழைய ஃபைலெல்லாம் இருக்குமே, அந்த ரூமுக்கு மாத்திடுங்கன்னு. நேத்து ஆர்டர் வந்துடுச்சு. திங்கக்கிழமலேர்ந்து அங்கதான்.”

வசனம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நல்லாத் தெரியும், மேல இருந்தவனத்தான் பாத்தேன்னு. ஆனா நீயே நம்பல. நீ அதுலயே வேல செய்யறவ, உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். அப்ப நான் ஒண்ணு நெனைக்கறேன், என் கை ஒண்ணு செய்யுது. ஊசி எடுக்கறப்பல்லாம் அதே ஞாபகம். ரெண்டு தடவ மருந்து பேரு சரியான்னு புதுசா வந்த நர்ஸ் பொண்ணுங்களக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். அந்த வார்டுல நிக்க நேரம் கெடையாது. அப்படி யோசிச்சுக்கிட்டு நின்னா யாராவது செத்துப் போவாங்க.”

மேட்ரனிடம் தானே வந்து பேசுவதாக வசனம் சொன்னாள். நாளைக்கே வருகிறேன், பதிவையெல்லாம் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன் என்றாள். தத்துவத்தின் மேல் வந்த ஆத்திரமெல்லாம் இப்போது வேறு யார் மேலும் போக வழியில்லாமல் அவள் மேலேயே திரும்பியது. முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணை ஒரு நிமிடம் பார்த்து நம்பியவள், கூடப் பிறந்தவள் வாயால் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கப் போய், ஒரு போன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்துவிட்டாள்.

“வேண்டாம். என் எடத்துல ஆள் போட்டாச்சு. நல்ல பொண்ணுதான்” என்றாள் அக்கா. பிறகு தங்கையின் கையில் இருந்த தாளைப் பார்த்து, “இதுல எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாள்.

வசனம் இடத்தைக் காட்டினாள். அக்கா பேனாவை வாங்கினாள். உடனே எழுதவில்லை. பேனா பிடித்த கையை அசையாமல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வசனம் என்னவென்று புரியாமல் அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்பல்லாம் எது செய்யறதுக்கு முன்னாடியும் அப்படித்தான் பாக்கறா” என்றார் அத்தான்.